அன்றாடக் கணம் எந்த வரியில் தத்துவமாகிறது? ஒரு ரப்பர் மரக் கவிதையை வைத்து

#1 துலாமழை

"சின்ன விஷயத்துக்குள் பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டார்." புத்தக வெளியீட்டு மேடைகளில் இதைச் சொன்னால் கைதட்டு உறுதி. எப்படிச் சொன்னார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த இழையில் அந்த 'எப்படி'யை மட்டும் பேசுவோம். வரி, சொல், வினைமுற்று, உருபு என்கிற அளவில் பேசுவோம். "மனதைத் தொட்டது" என்று எழுதுபவர்களுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

தொடங்கி வைக்க தேவதச்சனின் துணி துவைக்கிற கவிதை. பலருக்கும் மனப்பாடம் என்பதால் முழுதாகத் தரவில்லை. ஒருவர் துணி துவைக்கிறார். குருவிகளின் சத்தம் காதில் விழுகிறது. துவைப்பது தொடர்கிறது. குருவிகள் போய்விட்ட பிறகான நிசப்தம் காதில் விழுகிறது. அடுத்த துணியை எடுக்கிறார். இப்போது விழுவது குருவிகள் போடாத சத்தம். அவ்வளவுதான்.

இதில் மூன்று வேலைகளைக் கவனியுங்கள். ஒன்று, 'கேட்டேன்' என்ற சொல்லே கிடையாது, 'காதில் விழுந்தது'தான் உண்டு. கேட்டேன் என்றால் கவிஞர் ஞானியாக உட்கார்ந்துவிடுவார். விழுந்தது என்றால் அவர் வெறும் காது. இரண்டு, துணி நிற்கவேயில்லை. நம் ஆட்கள் எழுதினால் குருவிச் சத்தம் கேட்டதும் துணியைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம்: 'போடாத' என்ற எதிர்மறைப் பெயரெச்சம். இல்லாத ஒன்றைப் பெயருக்கு முன்னால் அடையாக நிறுத்திவிடத் தமிழ் இடம் தருகிறது. வராத கடிதம், பெய்யாத மழை, போடாத சத்தம். இன்மை பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இன்மைக்கு ஓர் இருக்கை போட்டாயிற்று. மொத்தத் தத்துவமும் 'ஆத' என்கிற அந்த ஒட்டில் உட்கார்ந்திருக்கிறது.

#2 பதிமூன்றுகண்

அண்ணாச்சி, இலக்கணம் சரி. ஆனால் இந்த வகைக் கவிதையே எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது. குருவி, தேநீர்க் கோப்பை, உதிர்ந்த இலை, ஜன்னல் கம்பியில் மழைத்துளி. எல்லாம் ஜென் கடையில் வாங்கிய சரக்கு. செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் என்று எல்லாரும் ஒரே இலையை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கேரள எல்லைப்புறத்துக் கவிதை என்றால் கூடுதலாக ஒரு வரி வரும்: இலைக்கு எல்லை தெரியாது. ஆரியங்காவு மலையில் விழுகிற இலைக்கு வேறு வேலையே இல்லையா?

#3 கும்பப்பூ

எல்லை தாண்டும் இலையை இந்த இழையிலேயே தடை செய்துவிடலாம், எனக்குச் சம்மதம். அது ஜப்பான் சரக்கு என்பதைத்தான் ஒப்ப முடியவில்லை.

அகப்பாட்டின் அடிப்படையே இதுதானே. முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் வரும், அந்த நிலத்து மீனும் மரமும் தொழிலும் வரும், உணர்ச்சியைச் சொல்லாமலே விட்டுவிடலாம். தொல்காப்பியர் இந்த மறைபொருளை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பிரித்துப் பெயரே வைத்துவிட்டார். நாரை ஆரல் மீனைப் பார்க்கிறது என்றால் நாரை ஆரலைத்தான் பார்க்கிறது. வேறொன்றும் அங்கே நடக்கிறது என்பதைக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். கவிஞர் தோளைத் தட்டிச் சொல்லமாட்டார்.

குறுந்தொகை 3ஐ எடுங்கள். நான்கு அடி. நிலத்தை விடப் பெரிது, வானத்தை விட உயர்ந்தது, நீரை விட ஆழமானது என்று எடுத்த எடுப்பில் பிரபஞ்ச அளவுதான். இன்றைக்கு ஒருவர் இதை எழுதினால் குறிஞ்சிப் பூவில் தொடங்கி வானத்தில் முடிப்பார். இதைப் பாடிய தேவகுலத்தார் தலைகீழாகச் செய்கிறார். வானத்தில் தொடங்கி, கருத்த தண்டுடைய குறிஞ்சிப் பூவில், அதன் தேனில், அந்த நாட்டுக்காரனில் வந்து இறங்குகிறார். பாட்டு முடியும்போது நாக்கில் தேன் இருக்கிறது, வானம் இல்லை. ஏறி முடிப்பதா, இறங்கி முடிப்பதா என்பது எழுதுகிறவன் முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம். இன்று கெட்டுப்போகிற கவிதைகளில் பாதி ஏறி முடிக்கப் போய்க் கெடுகின்றன.

'யாதும் ஊரே' என்று தொடங்கும் புறநானூறு 192ஐயும் பாருங்கள். முதல் அடியை மட்டும் பிய்த்து எடுத்துச் சுவரெங்கும் எழுதிவிட்டார்கள். பாட்டு 13 அடி. நடுவில் மின்னல் வெட்டுகிறது, மழை கொட்டுகிறது, பாறையில் மோதி இரைகிற பேராறு வருகிறது, அதன் போக்கில் ஒரு தெப்பம் போகிறது. தத்துவத்தை நேரடியாகச் சொல்கிற பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு இல்லாவிட்டால் அது உபதேசம். முடிவும் பிரபஞ்சத்தில் இல்லை. பெரியவர்களைப் பார்த்து வாய் பிளக்கமாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று நடத்தையில் இறங்கி நிற்கிறது. நாளைக் காலை தெருவில் கடைப்பிடிக்கக்கூடிய ஒன்று.

#4 கடைசிபஸ்

படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு வரைவைப் போடுகிறேன். குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற பால்வெட்டு. தயவு பார்க்க வேண்டாம்.

*ரப்பர் தோட்டத்தில்*
*விடியாத இருட்டில்*
*மரத்தின் காயத்திலிருந்து*
*கண்ணீர் போல் வழிகிறது பால்*
*சிரட்டை ஏந்தி நிற்கிறது*
*காலம் என்னும் பிச்சைக்காரன் போல*
*நாமும் இப்படித்தான்*
*வலியைச் சேகரித்து*
*வாழ்க்கை என்று பெயரிடுகிறோம்*

#5 ஆரல்வாய்க்காற்று

தயவு கேட்காததற்கு நன்றி தம்பி.

9 வரியில் 2 'போல', ஒரு 'என்னும்', ஒரு 'இப்படித்தான்'. நான்கு இடத்தில் ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறாய். மரம் காயமாகிறது, பால் கண்ணீராகிறது, சிரட்டை பிச்சைக்காரனாகிறது, பிச்சைக்காரன் காலமாகிறான். கடைசியில் தோட்டத்தில் மரமும் இல்லை, பாலும் இல்லை, சிரட்டையும் இல்லை. எல்லாம் வேறு ஏதோவாகிப் போய்விட்டது. பார்ப்பதற்கு முன்னாலேயே பொருள் எடுக்க ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

காலம், வலி, வாழ்க்கை. பண்புப்பெயர்க் கணக்கு 3. இந்த நீளத்துக்கு ஒன்று இருக்கலாம், அதுவும் இடம் தெரிந்து. மௌனம், வெறுமை, நிழல், முகமூடி எல்லாம் இதே பெட்டியைச் சேர்ந்தவை.

'நாமும் இப்படித்தான்' என்ற வரி வந்தால் அதற்குக் கீழே கோடு போட்டு மிச்சத்தைக் கிழித்துவிடலாம். வாசகர் தானாக வந்துசேர வேண்டிய இடத்துக்கு நீயே ஆட்டோ பிடித்து அழைத்துப்போகிறாய்.

ஒரு சோதனை சொல்கிறேன், அநேகமாக ஏமாற்றாது. பொருளை மாற்றிப் பார். 'ரப்பர் தோட்டம்' என்ற இடத்தில் 'பனங்காடு' என்று போடு, 'பால்' இருக்கும் இடத்தில் 'பதநீர்', 'சிரட்டை'க்குப் பதில் 'கலயம்'. உன் கவிதை ஒரு கீறலும் விழாமல் நிற்கிறது. அப்படியானால் நீ ரப்பர் மரத்தைப் பார்க்கவில்லை. சட்டை மாட்ட ஓர் ஆணி தேவைப்பட்டது, அந்த ஆணிதான் மரம்.

#6 மரச்சீனி

ஆணி என்று சொன்னது சரிதான். தொழில் தெரிந்தவர்கள் வாசித்தால் மூன்றாவது வரியிலேயே மூடி வைத்துவிடுவார்கள். பால்வெட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டு காயமல்ல. காயம் பட்டால் அது வெட்டுகாரரின் பிழை. பட்டைக்கு உள்ளே, மரத்தை ஒட்டி வளர்ச்சிப் படலம் ஒன்று இருக்கிறது. அதைக் கத்தி தொடக்கூடாது. சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை அதன்மேல் மிச்சம் விட்டுத்தான் சீவுவார்கள். தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. நல்ல வெட்டில் மரத்துக்குக் காயமே இல்லை என்பதுதான் தொழில்.

வெட்டு, மரத்தின் பாதிச் சுற்றுக்கு, இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து வரும். ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்துக்குச் சரிவு 30 டிகிரி. பட்டைக்குள் பால் குழாய்கள் எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுவதால் இப்படிச் சரித்தால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும்.

இருட்டில் வெட்டுவது சோகத்துக்காக அல்ல. வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய்விடும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். விடியலுக்கு முன் வெட்டினால் 2, 3 மணி நேரம் சொட்டும்.

கவிதைக்கு ஆகிற விஷயம் இனிதான். வெட்டுகாரர் மரத்தடிக்கு வந்ததும் முதலில் கத்தியை எடுக்கமாட்டார். முன்பு வெட்டிய கோட்டில் பால் உறைந்து நாடா மாதிரி ஒட்டிக் கிடக்கும். ஒட்டுப்பால். அதை விரலால் உரித்துக் கூடையில் போடுவார், அதற்கும் விலை உண்டு. அதற்குப் பிறகுதான் கத்தி, அதற்குப் பிறகு சிரட்டையை நிமிர்த்தி வைப்பார். முதல் சொட்டு விழுவதைப் பார்க்க நிற்கமாட்டார். ஒரு நடையில் 300 மரத்துக்கு மேல் இருக்கும்.

இன்னொன்று. யாராவது இதில் மழையைக் கொண்டுவருவதானால் யோசித்துக் கொண்டுவரவும். பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு மரமெல்லாம் வழிந்து வீணாகும். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், பிளாஸ்டிக் மறைப்பு கட்டாத மரத்தில் வெட்டு கிடையாது.

#7 கடைசிபஸ்

அக்கா, இது தெரியாமல்தான் எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரைவு:

*நேற்றைய பால்*
*வெட்டின்மேல் உறைந்து கிடக்கிறது*
*விரலால் உரித்துக் கூடையில் போட்டார்*
*அதே இடத்தில் கத்தி வைத்தார்*
*சிரட்டையை நிமிர்த்தினார்*
*அடுத்த மரத்துக்குப் போனார்*
*விழாத முதல் சொட்டு*
*அங்கேயே இருந்தது*

#8 துலாமழை

இது வேறு ஆள் எழுதியது போல இருக்கிறது, நல்ல அர்த்தத்தில். 'போல' ஒன்றுகூட இல்லை. யாரும் அழவில்லை. வினைமுற்று நான்கு வரிசையாக வருகின்றன: போட்டார், வைத்தார், நிமிர்த்தினார், போனார். கை செய்கிற வேகத்தில் வரி ஓடுகிறது. முதல் வினை மட்டும் 'கிடக்கிறது' என்று நிகழ்காலத்தில் இருப்பதும் சரி. உறைந்தது இன்னும் அங்கே கிடக்கிறது, கை வேலை முடிந்துபோய்விட்டது.

கடைசி இரண்டு வரியை எடுத்துவிட வேண்டும். 'விழாத முதல் சொட்டு' எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும், முதல் பதிவில் நான் புகழ்ந்த 'போடாத'வின் தம்பி அது. தேவதச்சன் கவிதையில் எதிர்மறைப் பெயரெச்சம் மூன்றாவது படியாக வருகிறது. சத்தம், நிசப்தம், போடாத சத்தம். இரண்டு படி ஏறியதால் மூன்றாவதில் கால் வைக்க முடிகிறது. இங்கே படியே இல்லாமல் மாடியில் நிற்கிறாய். அதோடு, விழாத சொட்டு அங்கேயே 'இருந்தது' என்று சொல்வது யார்? வெட்டுகாரர் போய்விட்டார். யாரும் பார்க்காததைப் பார்த்தவனாகக் கவிஞன் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறான்.

யாருமில்லாத இடத்தை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் திருவனந்தபுரத்துக் கவிஞர் நகுலனே சாட்சி. யாருமில்லாத பிரதேசத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு கேள்வி. 'எல்லாம்' என்று ஒரு சொல்லில் பதில். அங்கே சொட்டையோ இலையோ வைத்து அவர் அலங்கரிக்கவில்லை. வைத்திருந்தால் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும், அப்போது அது யாருமில்லாத இடம் அல்ல.

#9 மரச்சீனி

தகவல் பிழை இரண்டு. அடிக்க வரவேண்டாம், இரண்டும் கவிதைக்கு லாபம்தான்.

'நேற்றைய பால்' தப்பு. முறையாக வெட்டுகிற தோட்டத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வெட்டு. தினமும் வெட்டினால் மரம் சோர்ந்துபோகும், வெட்டுக்கோடு பால் வராமல் வறண்டும் போகும். ஆகவே அங்கே கிடப்பது முந்தாநாள் பால்.

'அதே இடத்தில்' என்பதும் தப்பு. ஒவ்வொரு தடவையும் பழைய கோட்டுக்குக் கீழே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள். கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும், மேலே புதுப்பட்டை வளர்ந்து வரும். அதே இடம் என்று ஓர் இடம் அந்த மரத்தில் இல்லை.

#10 கும்பப்பூ

அக்கா, தகவல் பிழை என்ற பெயரில் கவிதையையே கொடுத்துவிட்டீர்களே.

'நேற்று' என்று எழுதும்போது காலம் ஒட்டி வருகிறது. நேற்று, இன்று, உறைந்தது, உரித்தது. 'முந்தாநாள்' என்றதும் நடுவில் ஒரு நாள் வாய் திறக்கிறது. அந்த நாளில் யாரும் இந்த மரத்தடிக்கு வரவில்லை. உரிக்கவில்லை, வெட்டவில்லை, சிரட்டை கவிழ்ந்தே இருந்தது. தோட்டக் கணக்குப் புத்தகத்தில் இந்த மரத்துக்கு அந்த நாள் கிடையாது. பாதி தத்துவம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, அதுவும் சாயாக் கடையில் புழங்குகிற சொல்லில்.

இலக்கியப் பயிற்சி முகாம்களில் 'கற்பனை வேண்டும்' என்று சொல்லித்தருகிறார்கள். கற்பனை தானாக வரும். முறை தெரிய வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு கனம், எதற்கு அடுத்து எது. துல்லியத்தில் எங்கோ ஒரு பொருந்தாமை தட்டுப்படும், கவிதை அங்கேதான் இருக்கும்.

#11 கடைசிபஸ்

மூன்றாவது:

*முந்தாநாள் பால்*
*வெட்டின்மேல் உறைந்து கிடக்கிறது*
*உரித்துக் கூடையில் போட்டார்*
*ஒரு மயிரிழை கீழே*
*கத்தி வைத்தார்*
*சிரட்டையை நிமிர்த்தினார்*
*அடுத்த மரத்துக்குப் போனார்*
*நேற்று*
*இந்த மரத்துக்கு*
*ஒரு நாள் இருந்தது*

#12 ஆரல்வாய்க்காற்று

பனைச் சோதனை வைத்துப் பார்த்தேன். இப்போது விழுந்துவிடுகிறது. பனையில் பாளையை நாள்தோறும் சீவ வேண்டும், காலையும் மாலையும். விட்டால் பாளை காய்ந்து ஊற்று நின்றுவிடும். பனைக்கு இந்த நடுநாளே கிடையாது. ரப்பர் மரத்துக்கு மட்டும் சொல்லக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டாய்.

'மரத்துக்கு ஒரு நாள் இருந்தது' நல்ல வாக்கியம். எனக்கு வீடு இருக்கிறது, அவளுக்குத் தலைவலி இருக்கிறது என்று நாம் உடைமையையும் இருப்பையும் ஒரே வினையில்தான் சொல்கிறோம். இங்கே அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. மரத்திடம் ஒரு நாள் இருந்தது என்றும் படிக்கலாம், மரத்துக்கென்று ஒரு நாள் வந்து போனது என்றும் படிக்கலாம். இந்த வாக்கியம் ஆங்கிலத்துக்குப் பஸ் ஏறாது என்று நினைக்கிறேன். மலையாளத்துக்குப் போகலாம், அங்கேயும் இதே கட்டுமானம்தான்.

இடம்தான் தப்பு. மூன்று வரியாக உடைத்து, கடைசியில் வைத்து மேடை போட்டிருக்கிறாய். 'நேற்று' ஒற்றைச் சொல்லாக ஒரு வரியில் நின்றதும் வாசகர் எழுந்து நின்றுவிடுகிறார், ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று. கனமான வரியை நடுவில் ஒளித்து வை. முந்தாநாள் பாலுக்கு அடுத்தாற்போலவே வரட்டும். அதற்குப் பிறகு உரித்தார், வைத்தார், போனார் என்று வேலை அதை மிதித்துக்கொண்டு போகட்டும். கும்பப்பூ சொன்னாரே, இறங்கி முடிப்பது. 'அடுத்த மரத்துக்குப் போனார்' என்பதைவிட இறக்கமான வரி கிடைக்காது.

#13 பதிமூன்றுகண்

குறுக்கே வருகிறேன். எல்லாரும் மரத்துக்கு ஒரு நாள் கிடைத்ததைக் கொண்டாடுகிறீர்கள். வெட்டுகாரருக்கு அந்த நாள் கிடைத்ததா? பெரிய தோட்டத்தில் அவர் நேற்று பக்கத்துப் பாத்தியில் வேறு 300 மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். மரம் ஒன்றுவிட்டு ஒருநாள் ஓய்வெடுக்கும், ஆள் மாற்றி மாற்றி இரண்டு பாத்தியும் பார்ப்பார். அவருக்கு ஓய்வு என்றால் மழையில் மறைப்பு இல்லாத நாள், அல்லது மாசி வாக்கில் இலை உதிர்ந்து தளிர் வருகிற வாரங்கள். அந்த நாட்களில் கூலியும் இல்லை. இந்த வகைக் கவிதைமேல் எனக்கிருக்கிற பழைய கோபம் இதுதான். அன்றாடம் தத்துவமானதும் அன்றாடத்தைச் செய்கிற ஆள் காணாமல் போகிறார்.

#14 துலாமழை

நியாயமான கோபம். ஆனால் அதற்காக 'கூலி', 'வியர்வை' என்று ஒரு வரி சேர்த்தால் முதல் வரைவின் 'நாமும் இப்படித்தான்' வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

வேறு வழி இருக்கிறது. 'ஒரு மயிரிழை கீழே' என்பது தேய்ந்த சொல், கனமும் சரியில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் மயிரிழை ஆகாது. ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் அது. 'ஒரு காசுக் கனம் கீழே' என்று போட்டால் அளவும் சரியாகும், பணமும் கவிதைக்குள் வந்துவிடும். காசு என்ற சொல் அங்கே அளவுகோலாக மட்டும் நிற்கிறது. பதிமூன்றுகண் கேட்கிற ஆளுக்கு அது கேட்கும், கேட்காதவருக்கு வெறும் அளவு.

'போட்டார்', 'வைத்தார்' என்பதில் உள்ள மரியாதை விகுதியையும் யாரும் கவனிக்கவில்லை. 'போட்டான்' என்று எழுதியிருந்தால் பதிமூன்றுகண்ணுக்கு இன்னும் நியாயம் இருந்திருக்கும்.

#15 பதிமூன்றுகண்

காசுக் கனம்: ஏற்கிறேன். அரை மனதாக.

#16 மரச்சீனி

இடையில் ஒரு கேள்வி. நம் பக்கத்துச் சொற்களை எவ்வளவு விடலாம்? 'வெள்ளம்' பற்றி ஒரு கவிதை எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது, சாயாக் கடையில் வெள்ளம் கேட்டேன், பெருவெள்ளம் வந்தது என்கிற மாதிரி.

#17 கும்பப்பூ

அது துணுக்கு. விளவங்கோட்டில் தண்ணீருக்கு வெள்ளம் என்பதும் மதுரையில் வெள்ளம் என்றால் பிரளயம் என்பதும் அகராதி செய்து கொடுத்த வேலை, கவிஞர் செய்தது ஒன்றுமில்லை. இரண்டு பொருள் உள்ள சொல்லைக் கண்டதும் குதித்து விழுந்தால் பட்டிமன்றத்தில்தான் போய் நிற்க வேண்டும். 'சக்கை' இதைவிட ஆபத்து. நமக்குப் பலாப்பழம், மற்றவர்களுக்குச் சாறு பிழிந்த மிச்சம். எத்தனை பேர் இதை வைத்து வாழ்க்கைத் தத்துவம் எழுதப் போகிறார்களோ தெரியாது. வட்டாரச் சொல் அது செய்கிற வேலைக்காக வரலாம், இரட்டைப் பொருளைக் காட்டி ஆட வரக்கூடாது. தம்பி கவிதையில் 'சிரட்டை' அப்படித்தான் இருக்கிறது. கொட்டாங்கச்சி என்று மாற்றினால் அது குலசேகரம் அல்ல. அடிக்குறிப்பும் போடக்கூடாது. நிமிர்த்தி வைக்கிற ஏதோ ஒன்று என்பது யாருக்கும் விளங்கும்.

#18 கடைசிபஸ்

*முந்தாநாள் பால்*
*வெட்டின்மேல் உறைந்து கிடக்கிறது*
*நேற்று இந்த மரத்துக்கு*
*ஒரு நாள் இருந்தது*
*உரித்துக் கூடையில் போட்டார்*
*ஒரு காசுக் கனம் கீழே*
*கத்தி வைத்தார்*
*சிரட்டையை நிமிர்த்தினார்*
*அடுத்த மரத்துக்குப் போனார்*

#19 ஆரல்வாய்க்காற்று

9 வரி. முதல் வரைவும் 9 வரிதான். பண்புப்பெயர் ஒன்றும் இல்லை. 'நாள்' ஒன்றுதான் கொஞ்சம் கனம், அதையும் நாட்காட்டியில் கிழிக்கலாம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது, எண்ணிச் செய்தாயா தெரியவில்லை. 'ஒரு நாள் இருந்தது' என்பதற்கு அடுத்து 'உரித்து' வருகிறது. உரிப்பது ஒட்டுப்பாலைத்தான். ஆனால் வரிசையில் பார்த்தால் அந்த நாளையே உரித்துக் கூடையில் போட்டது மாதிரி ஒரு நொடி படுகிறது. செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டதால் வந்த லாபம். 'அதை உரித்து' என்று யாராவது திருத்தச் சொன்னால் கேட்காதே.

#20 துலாமழை

தலைப்பு? 'முந்தாநாள்' என்று வைத்தால் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு ஆடுவதுபோல் ஆகும். 'ஓய்வு' வேண்டவே வேண்டாம்.

#21 கும்பப்பூ

குறுந்தொகைக்குத் தலைப்பா வைத்தார்கள்? 40ஆம் பாட்டைப் பாடியவருக்குப் பெயரே தெரியாமல் போய், செம்மண்ணில் பெய்த மழைநீர் உவமையை வைத்துச் செம்புலப் பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள். தம்பிக்கு 'காசுக்கனத்தார்' என்று வைத்துவிடலாம், தலைப்பு மிச்சம்.

#22 மரச்சீனி

பெயர் நன்றாக இருக்கிறது. ஆனால் நிமிர்த்துவதற்கு முன்னால் சிரட்டைக்குள் ஒட்டிக் காய்ந்த படலத்தையும் எடுக்க வேண்டும். எடுக்காமல் பால் விழுந்தால் ரப்பர் ஷீட்டில் கறையும் கட்டியும் வரும். கவிதையில் அது இல்லையே?

#23 கடைசிபஸ்

எடுத்திருப்பார் அக்கா. நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.